பிளக் வாட் மீட்டர்: ரொம்ப நாள் யூஸ் பண்ணின அனுபவம்

வீட்ல எது எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு பாக்குறதுக்கு பிளக்ல சொருகுற வாட் மீட்டர் ஒண்ணு ரொம்ப நாளா வச்சிருக்கேன். சுவத்து சாக்கெட்ல மீட்டர், மீட்டர்ல நம்ம சாமான், அவ்ளோதான். ஸ்க்ரீன்ல வோல்ட், ஆம்ப், வாட், யூனிட் எல்லாம் ஓடும். வாங்கலாமான்னு கேட்டா தாராளமா வாங்குங்கன்னுதான் சொல்வேன், ஆனா வாட் வேற யூனிட் வேறன்னு மொதல்ல மனசுல பதிச்சுக்கணும். வாட் பைக்ல ஸ்பீடு காட்டுற முள்ளு மாதிரி, யூனிட் எவ்ளோ கிலோமீட்டர் ஓடிருக்குன்ற மாதிரி. 1 வாட்னா நொடிக்கு 1 ஜூல் (ஜூல்னா எனர்ஜிய அளக்குற அளவு), 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா 1 யூனிட், அது 36 லட்சம் ஜூல்.

மீட்டர் சரியா காட்டுதான்னு செக் பண்ண ஒரு வழி இருக்கு. ஈபி மீட்டர்ல சின்ன சிவப்பு லைட் மினுக்கும்ல, பக்கத்துலயே யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல்னு அச்சடிச்சிருக்கும், எங்க வீட்ல 3200. மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு 1500 வாட் கெட்டில மட்டும் போட்டா கணக்குப்படி நிமிஷத்துக்கு 80 தடவை மினுக்கணும். சாயங்காலம் போட்டுப் பாத்தா 70தான் வந்துச்சு. பிளக் மீட்டர்ல பாத்தா வோல்ட் 215, வாட் 1310 சொச்சம், ரெண்டும் கரெக்டா ஒத்துப்போச்சு! கெட்டில் மேல போட்டிருக்க 1500 வாட் 230 வோல்ட்டுக்குத்தான், வோல்டேஜ் கொஞ்சம் எறங்கினாலே வாட் நல்லாவே எறங்கிடும். அதுக்காக யூனிட் மிச்சம்னு நெனைக்காதீங்க, தண்ணி கொதிக்க லேட் ஆகும், செலவாகுற எனர்ஜி கிட்டத்தட்ட அதேதான்.

அடுத்து கீசர், எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. 15 லிட்டர் தண்ணின்னா 15 கிலோ, ஒரு கிலோ தண்ணிய ஒரு டிகிரி ஏத்த சுமார் 4.2 கிலோஜூல் வேணும், 25 டிகிரில இருந்து 55க்கு கொண்டுபோக 15ஐயும் 30ஐயும் 4.2ஐயும் பெருக்கினா 1890 கிலோஜூல், 3600ஆல வகுத்தா 0.525 யூனிட். 2000 வாட் ஹீட்டர்னா பதினாறு நிமிஷம். மீட்டர்ல இதவிட கொஞ்சம் கூடத்தான் வரும், டேங்கும் சேந்து சூடாகுது, வெளியவும் கொஞ்சம் போகுது. அம்மா குளிக்கப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுடுவாங்க, இப்ப இருபது நிமிஷம் போதும்னு அவங்களே அடுத்தவங்களுக்கு சொல்றாங்க.

இண்டக்‌ஷனா கேஸான்னு நெறைய பேர் கேக்குறாங்க. 14.2 கிலோ சிலிண்டர், ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா சுமார் 46 மெகாஜூல், ஆக மொத்தம் 650 மெகாஜூல், அதாவது 180 யூனிட். ஆனா அடுப்புல பாத்திரத்துக்குப் போறது நூத்துக்கு அறுபது அறுபத்தஞ்சுதான், இண்டக்‌ஷன்ல எண்பத்தஞ்சு வரைக்கும் போகும், அப்ப ஒரு சிலிண்டர் சமையலுக்கு 130ல இருந்து 140 யூனிட் கரண்ட்னு வச்சுக்கலாம். உங்க ஸ்லாப் ரேட்டப் போட்டு பெருக்கிப் பாத்து முடிவு பண்ணுங்க, ஊர்ல சொல்றத நம்பாதீங்க.

ஏசில ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். 1 டன்னுங்கிறது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்துல உருக எடுத்துக்கிற சூடு, கணக்கு போட்டா 3.5 கிலோவாட். ஒன்றரை டன்னுக்கு 5.2 கிலோவாட், ஆனா மீட்டர் 1500 வாட்தானே காட்டுது? மீட்டர் சரிதான். ஏசி குளிர உண்டாக்கல, ரூம்ல இருக்க சூட்ட எடுத்து வெளிய தள்ளுது, அந்தத் தள்ளுற வேலைக்கான கரண்ட்தான் 1500.

கிலோவும் எனர்ஜியும்னு பேசினதால ஒண்ணு சொல்லணும், எத்தனை தடவை போட்டுப் பாத்தாலும் அசந்து போற கணக்கு. ஒரு கிராம் மாஸ் முழுசா எனர்ஜியா மாறினா 2.5 கோடி யூனிட். கூடங்குளத்துல 1000 மெகாவாட் அணு ரியாக்டர் ஒண்ணு நாள் முழுக்க ஃபுல்லா ஓடினா 2.4 கோடி யூனிட் கரண்ட் வரும். ரியாக்டர்ல உண்டாகுற சூடு அதுக்கு மூணு மடங்கு, அதனால எரிபொருள்ல குறையுற எடை ஒரு நாளைக்கு மூணு கிராம் கிட்ட.

மீட்டர்ல குறைன்னா, செல்போன் சார்ஜர் மாதிரி ரெண்டு மூணு வாட் சாமானுக்கு ரீடிங்க நம்ப முடியாது, ஸ்க்ரீன் இருட்டுல தெரியாது. வாங்கும்போது 16 ஆம்ப் டைப்பா, கரண்ட் போனாலும் பழைய ரீடிங் அழியாம இருக்குமா, யூனிட்ல புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம் காட்டுதான்னு கேட்டு வாங்குங்க.