கருவியே சொல்லட்டுமா, டாக்டரைக் கேட்கலாமா?

மலைமேல் இருக்கும் தாளவாடியில் நெஞ்சுவலி என்று 108-ஐ அழைத்தால், சத்தியமங்கலம் வருவதற்குள் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டும். வண்டிக்குள் முடிவெடுக்க, இனி வரும் கருவிகளில் எது உதவும்?

ஒன்று, ஈசிஜியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டாக்டரின் பதிலை வாங்கித் தருவது. அவர் நாலு கேள்வி கேட்பார், பொறுப்பும் ஏற்பார். சரி, காட்டுக்குள் சிக்னல் விட்டுப்போனால்?

இன்னொன்று, கையடக்கக் கருவியே அங்கேயே படித்துச் சொல்வது. மாரடைப்பு இதயத்தின் கீழ்ச்சுவரைத் தாக்கியிருந்தால், நாக்கடியில் சார்பிட்ரேட் (ரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரை) வைக்கும் முன் யோசிக்க வேண்டும். இதயத்தின் வலது கீழறையும் பாதித்திருந்தால், அந்த மாத்திரையால் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். 'மார்பின் வலப்பக்கமும் ஈசிஜி லீடு (வயர்) ஒட்டிப் பாருங்கள்' என்று கருவி அப்போது நினைவூட்டினால் பெரிய விஷயம். ஆனால் வளைவில் வண்டி குலுங்கினால் கோடுகள் கலைந்துவிடும். கருவி தப்பாகவும் படிக்கும். ஓரங்கட்டித்தான் எடுக்க வேண்டும்.

கோவை, ஈரோடு நகருக்குள் முதல் வகையே போதும். மலைக்கு இரண்டாவதைத்தான் கேட்பேன், அதுவும் 'தெளிவாக இல்லை, மறுபடி எடுங்கள்' என்று சொல்லத் தெரிந்ததாக இருந்தால்.