தில்லி பால்கனியில் கறிவேப்பிலையும் புதினாவும்: பல வருஷ அனுபவம்

தில்லியில் கொத்தமல்லிக்குப் பஞ்சமே கிடையாது. காய்கறி வண்டிக்காரரிடம் நாலு காய் வாங்கினால் ஒரு பிடி தனியா இலையும் ரெண்டு பச்சைமிளகாயும் சும்மாவே பையில் போட்டுவிடுவார். கறிவேப்பிலைதான் பிரச்சினை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் நம்மூர் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்த இலையைத் தாளிப்பில் போட்டால் சடசடவென்று சத்தம் வரும், வாசனை வராது. மயூர் விஹாரில் எங்கள் பால்கனியில் தொட்டிகள் சேர ஆரம்பித்தது அதனால்தான். இத்தனை வருஷம் வளர்த்துச் சமைத்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பறித்த கொஞ்ச நேரத்திலேயே மணம் குறைந்துவிடுகிற இலைக்கும், கடையில் கிடைக்கவே கிடைக்காததற்கும்தான் இந்த ஊரில் தொட்டி ஒதுக்க வேண்டும். மற்றதை வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார்.

கறிவேப்பிலைக்கு மண்தான் முதல் விஷயம். இங்கே நர்சரியில் செடியோடு தருகிற மண் ரொம்ப நைசாக இருக்கும். காய்ந்தால் இறுகிப்போய், ஊற்றுகிற தண்ணீர் தொட்டி ஓரமாகவே வழிந்து கீழே போய்விடும், வேருக்குச் சேராது. அதனால் பாதி மண், மீதியில் தென்னை நார்க்கழிவும் மக்கிய சாணி எருவும் என்று கலந்து, 16 அங்குலத் தொட்டியில் வைத்தேன். இங்குள்ள தோட்டக்காரர்கள் இந்தச் சாணி எருவை ‘கோபர் காத்’ என்பார்கள். கையில் எடுத்தால் உதிரியாக, மண்வாசனையோடு இருக்க வேண்டும். சாணி நாற்றம் அடித்தால் வாங்காதீர்கள், இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம்.

புதிதாக வளர்ப்பவர்கள் பயப்படுவது குளிர்காலத்தில். டிசம்பரில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும், ஜனவரியில் வெறும் குச்சிதான் நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள், பாவமாக இருக்கும். இது வெப்பப் பிரதேசத்துச் செடி, தில்லியில் ஜனவரி ராத்திரிகளில் 5 டிகிரிக்குக் கீழே போவது சகஜம். குளிருக்கு அது வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறது, அவ்வளவுதான். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த நேரத்தில் உரம் வேண்டாம், தண்ணீரும் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு போதும். ஹோலி வரும்போது துளிர் விட்டுவிடும். அப்போது நுனியைக் கிள்ளி எரு போட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். சமையலுக்கும் ஒவ்வொரு இலையாக உருவாமல் ஈர்க்கோடு ஒடித்து எடுப்பதுதான் செடிக்கு நல்லது.

இன்னொரு தொல்லை தண்ணீர். எங்கள் பகுதியில் வருவது கடின நீர். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். இந்தத் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டால், உள்ளே இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம், நானும் ஊற்றுகிறேன். ஆனால் மஞ்சள் ஏறிவிட்ட செடிக்கு அது மட்டும் போதாது. நர்சரியில் செலேட்டட் இரும்பு (செடி சுலபமாக எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) என்று கேட்டு வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் கரைத்துத் தெளித்த பிறகுதான் புதுத் துளிர் பச்சையாக வந்தது.

புழுவும் வரும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அதனால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிடும். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் பச்சையாகிவிடும். கையால் எடுத்துவிட்டால் போதும், சாப்பிடுகிற இலைக்கு விஷ மருந்து வேண்டவே வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கிறேன்.

புதினா சுலபம். கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளைத் தண்ணீரில் போட்டு வைத்தால் வேர் விடும். ஆழத்தைவிட அகலமான தொட்டி நல்லது, வேறு செடியோடு சேர்த்து வைத்தால் அதை நெருக்கிவிடும். மே, ஜூனில் ‘லூ’ என்கிற வறண்ட அனல்காற்று அடிக்கும்போது காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்கு மாற்றி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயில் காலத்தில் மோருக்கு நாலு இலையும் துவையலுக்கு ஒரு பிடியும் அப்போதே பறித்துக்கொள்கிறோம்.

ஒரு தொட்டியில் கொத்தமல்லியும் உண்டு. சும்மாவே கிடைப்பது எதற்கு என்று கேட்பீர்கள். இலைக்காக இல்லை, பச்சை விதைக்காக. அக்டோபரில் தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் குளிர்காலம் முழுக்க இலை வரும். மார்ச்சில் வெயில் ஏறியதும் இலை மெலிந்து, பூத்துக் காய்க்கும். அந்தப் பச்சைக் காயைத் தட்டி ரசத்தில் போட்டுப் பாருங்கள். கடையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

கற்பூரவல்லியும் குளிருக்கு ஆகாது. டிசம்பருக்கு முன்பே ரெண்டு கிளையை ஒடித்துச் சின்னத் தொட்டியில் நட்டு, வெயில் படும் ஜன்னலோரம் உள்ளே வைத்துவிடுகிறேன். நவம்பரில் தில்லிக் காற்று கெடும்போது எல்லா இலை மேலும் தூசும் கரியும் படியும். செடியைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதோடு, பறித்ததையும் இரண்டு தண்ணீரில் அலச வேண்டும்.

பெட்டியில் வரும் தைம், ஒரிகானோ விதைக் கிட் ஒன்றும் வாங்கினோம். பாதிக்கு மேல் முளைக்கவில்லை, முளைத்ததும் மழைக்கால ஈரத்தில் அழுகியது. நம் சமையலுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது எதிர் பிளாட் ஆன்ட்டியிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, தன் சமையலுக்கு வேண்டிய ‘கடி பத்தா’வை, அதாவது கறிவேப்பிலையை, அவரே பறித்துக்கொள்வார். அப்படி யாரும் இல்லாதவர்கள் விடுமுறை முடிந்து வந்த பிறகு, ஜூலை மழையில் கறிவேப்பிலையை வாங்கி வையுங்கள். குளிருக்கு முன் வேர் பிடிக்க நாலைந்து மாதம் கிடைக்கும்.