வேதிவினை ஆற்றலை எதிலிருந்து தொடங்குவது: அடுப்பா, யூரியாவா, சுண்ணாம்பா, கணக்கா?

பத்தாம் வகுப்பில் வெப்ப உமிழ்வினை, வெப்பக் கொள்வினை என்ற இரு பெயர்களையும் பிழையின்றி எழுதித் தேர்ச்சி பெற்ற மாணவர்கள், பதினொன்றாம் வகுப்பில் என்தால்பி (மாறா அழுத்தத்தில் நிகழும் வினையின் வெப்பக் கணக்குக்கு உதவும் ஆற்றல் அளவு) என்ற சொல்லைக் கண்டதும் திணறுவதற்கு, முதன்முதலில் காட்டப்பட்ட எடுத்துக்காட்டு பொருத்தமாக அமையாததே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளில் ஆய்வகம் இல்லாமலேயே இப்பாடத்தைத் தொடங்க நான்கு வழிகள் உண்டு. அவை நான்கும் ஒரே தரத்தவை அல்ல.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது அடுப்பை. விறகு, உமி, வறட்டி, சிலிண்டர் எரிவாயு என எது எரிந்தாலும் வெப்பம் வெளிப்படுகிறது என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. எழாத காரணத்தாலேயே மாணவர் எதையும் புதிதாகக் கற்பதில்லை. அதைவிட, தீக்குச்சி கொளுத்தித்தானே எரியவைக்கிறோம், அப்படியானால் இது வெப்பம் கொள்ளும் வினையா என்று விவரமான பிள்ளை கேட்டுவிட்டால், வினை தொடங்கத் தேவைப்படும் கிளர்வு ஆற்றலை முதல் நாளிலேயே விளக்க வேண்டியிருக்கும். எரிதலை மூன்றாம் பாடமாக வைத்துக்கொள்வதே நல்லது.

யூரியா இதற்கு நேர் எதிரானது. மேலுரம் இட்டு மிஞ்சிய யூரியா டெல்டாவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்து, இரண்டு கைப்பிடி யூரியாவைப் போட்டுக் கலக்கினால் டம்ளர் சில்லிட்டுப் போகும். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசியில் அதன் வெளிப்புறம் வியர்ப்பதும் உண்டு. ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் பயன்படும் அளவு; யூரியாவுக்கு அது 60 கிராம்) யூரியா கரையும்போது ஏறத்தாழ 15 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெப்பம் உள்ளே போகிறது என்பதைக் கையால் உணரச் செய்வதில் இதற்கு இணை இல்லை. ஆனால் இங்கே நிகழ்வது கரைதலே தவிர, புதிய பொருள் உண்டாகும் வேதிவினை அன்று. அந்தக் குறையை நீக்க விரும்புவோர் ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியலாம். நுரை பொங்கும்போதே கலவை குளிர்வதை வெப்பமானியில் காணலாம். நுரை பொங்கினால் சூடு என்ற எண்ணம் அங்கே உடைகிறது. (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இவற்றுக்கெல்லாம் உதவாது. ஆய்வகத்தில் பயன்படும் 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானியே வேண்டும்.)

என் தேர்வு சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கும் சுட்ட சுண்ணாம்புக் கட்டியில் நீரைத் தெளித்தால், முதலில் சில நொடிகள் ஒன்றும் நிகழாதது போலத் தோன்றி, பின்னர் கட்டி விரிசல் கண்டு, சீறி, ஆவி பறக்கப் பொடிந்து உதிர்கிறது. ஒரு மோல், அதாவது 56 கிராம் கால்சியம் ஆக்சைடு (சுட்ட சுண்ணாம்பு) நீருடன் சேரும்போது சுமார் 65 கிலோஜூல் வெளிப்படுகிறது; ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை அது 15 டிகிரிக்கு மேல் உயர்த்தும். காற்றில் நெடுநாள் கிடந்து தானாக நீறிப்போன சுண்ணாம்பு சூடாகாது என்பதால், கட்டி புதிதா என்று பார்த்து வாங்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு என்பதால், இதைப் பெரியவர் மட்டுமே, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, இரும்புச் சட்டியில், சிறு துண்டைக் கொண்டு செய்து காட்ட வேண்டும். மாணவர்கள் எட்ட நின்று பார்க்கலாம்.

சுண்ணாம்பை நான் முன்வைப்பது அதன் சீற்றத்துக்காக அன்று; அதன் வரவு செலவுக் கணக்கு முழுமையாக நேராகிவிடுகிறது என்பதற்காக. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லானாலும், கடலோரக் கிளிஞ்சலானாலும், அது கால்சியம் கார்பனேட்டே. அதைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதற்கு மோலுக்கு 178 கிலோஜூல் செலவாகிறது. சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்த்து நீற்றும்போது 65 திரும்பி வருகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகையில், மீதமுள்ள 113 கிலோஜூல் வெளிப்படுகிறது. 65-ஐயும் 113-ஐயும் கூட்டினால் 178. எந்த வழியில் சென்றாலும் மொத்த வெப்பம் மாறாது என்று 1840-இல் வேதியியலாளர் ஹெஸ் வகுத்த விதியை இதைவிட எளிதாக விளக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதோடு, நீற்றும் சட்டி கொதிக்க, அதைவிட அதிக வெப்பத்தை வெளிவிடும் சுவர் ஏன் சுடுவதில்லை என்று கேட்டால், வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடும், வினை நிகழும் வேகத்தின் பங்கும் ஒருங்கே விளங்கிவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரத்துடன் குவிந்து கிடக்கும் நெல், சுவாசத்தாலும் பூஞ்சையாலும் உள்ளுக்குள் சூடேறுவதும் மெதுவான வெப்ப உமிழ்வே. குவியலில் அடைபட்டிருப்பதால் அந்தச் சூடு கைக்குத் தெரிகிறது, சுவரில் அது தெரிவதில்லை.

அணுக்களை இணைக்கும் பிணைப்புகளின் ஆற்றல் கணக்கு கடைசியாக வர வேண்டும். ஆனால் அதைத் தவிர்க்கக் கூடாது. பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்ற தவறான எண்ணத்தை மேற்கண்ட மூன்று வழிகளாலும் களைய முடியாது. குத்தாலம், திருமக்கோட்டை மின்நிலையங்களில் எரிவதும், சாண எரிவாயுக் கலனில் உண்டாவதும் முதன்மையாக மீத்தேனே என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மோல் மீத்தேன் எரிய, அதன் நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க 4 × 413, இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைக்க 2 × 498, ஆக மொத்தம் 2,648 கிலோஜூல் நாம் கொடுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடின் இரு பிணைப்புகள் உருவாகையில் 2 × 799, இரண்டு நீர் மூலக்கூறுகளின் நான்கு பிணைப்புகள் உருவாகையில் 4 × 463, ஆக 3,450 கிலோஜூல் நமக்குக் கிடைக்கிறது. உடைப்பது செலவு, உருவாவது வரவு. நிகர வரவு 802. பாடநூலில் 890 என்று இருக்கிறதே என்று மாணவர் கேட்டால், நம் கணக்கில் நீர் ஆவியாக இருக்கிறது, அந்த 890 திரவ நீருக்கு உரியது, இடைப்பட்ட 88 கிலோஜூல் இரண்டு மோல் நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிப்படுவது என்று கூறலாம்.