சுரங்கக் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: அறிவிப்பை நம்பாதீர்கள், கணக்கைப் பாருங்கள்

சிறிய தங்கச் சுரங்கக் கம்பெனி ஒன்றில் பணம் போட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஆனால் இதே மாதிரி நடந்துகொள்ளும் கம்பெனியில் உங்கள் பணமும் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நான் வாங்கிய சமயத்தில் ஆண்டு இறுதிக்குள் உற்பத்தி தொடங்கிவிடும் என்றார்கள். ஆண்டு முடிந்தது, அடுத்த ஆண்டின் நடுவில் என்றார்கள், அப்புறம் "ஆலை தயாராகும் தறுவாயில்" என்று ஒரு அறிவிப்பு, அதற்கடுத்து வந்ததில் தேதியே இல்லை, "உரிய அனுமதிகள் கிடைத்ததும்" என்று மட்டும் இருந்தது. அனுமதி நிலுவையில் கிடக்கிறது என்று அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை.

சுரங்கத் தொழிலில் தாமதம் சகஜம், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். என்னைக் கொதிக்க வைப்பது இவர்கள் அறிவிப்பு எழுதும் விதம்தான்.

ஒரு அறிவிப்பின் தலைப்பில் "5 மீட்டருக்கு, டன்னுக்கு 12 கிராம் தங்கம்" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள், அதாவது ஆய்வுக்காகப் போட்ட துளையில் 5 மீட்டர் நீளத்துக்கு, சராசரியாக ஒரு டன் பாறைக்கு 12 கிராம். பங்கு விலையும் ஏறியது. உள்ளே சின்ன எழுத்தில், இந்த 5 மீட்டருக்குள் அரை மீட்டர் மட்டும் 110 கிராம் என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டரை 12 கிராமால் பெருக்கினால் 60, அதில் 55 அந்த அரை மீட்டரிலிருந்தே வந்துவிடுகிறது, மீதி நாலரை மீட்டருக்குத் தேறுவது டன்னுக்கு 1.1 கிராம்தான். நிலத்தடியில் தோண்டி எடுக்க இந்தத் தரம் பொதுவாகக் கட்டுபடியாகாது. தவிர, 5 மீட்டர் என்பது துளை போன வழியின் நீளம். துளை தங்கப் படிவைச் சாய்வாகக் கடந்து போயிருந்தால் படிவின் உண்மையான அகலம் அதைவிடக் குறைவு.

அதே அறிவிப்பின் பட்டியலில் துளை எண்கள் 14, 15, அடுத்து 19 என்று தாவின. 16, 17, 18 என்ன ஆயின என்று மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி" என்று பதில் வந்தது, கூடவே பளபளப்பான படங்கள் போட்ட முதலீட்டாளர் கையேடு. கேட்ட கேள்விக்கு ஒரு எழுத்து இல்லை.

பணப்புழக்க அறிக்கையைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகிறது. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் உள்ள இத்தகைய கம்பெனிகள் ஒவ்வொரு காலாண்டும் 5பி என்ற படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். ஆய்வுக்கு எவ்வளவு, சம்பளம் நிர்வாகத்துக்கு எவ்வளவு, கையிருப்பு எத்தனை காலாண்டு தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் கம்பெனியின் காலாண்டுக் கணக்கில் துளையிடும் செலவு இறங்கிக்கொண்டே வருகிறது, நிர்வாகச் செலவு அப்படியே நிற்கிறது. அறிவிப்புகளில் சொல்வதுபோல் பணிகள் முழுவீச்சில் நடப்பது உண்மையென்றால் டீசலுக்கும் துளையிடும் ஒப்பந்தக்காரருக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள்? நல்ல செய்தி வந்த சில வாரங்களில் சந்தை விலையைவிடக் குறைத்து வேண்டப்பட்ட ஆட்களுக்குப் புதுப் பங்கு கொடுப்பது வேறு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நம் பங்கின் மதிப்பு கரைகிறது.

கனடாவின் பிரீ-எக்ஸ் என்ற சுரங்கக் கம்பெனியின் விவகாரம் ஞாபகம் இருக்கலாம். இந்தோனேசியாவின் புசாங்கில் மாபெரும் தங்கப் படிவு என்றார்கள், பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலந்தது 1997இல் அம்பலமானது, பங்கு ஒன்றுமில்லாமல் போனது. என் கம்பெனியும் அதையே செய்கிறது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இவர்கள் கையில் இருப்பது முழுக்க "அனுமானிக்கப்பட்ட வளம்", அதாவது நம்பகத்தன்மை ஆகக் குறைந்த வகை. அதை நேரடியாக வெட்டியெடுக்கத் தக்க இருப்பாகக் காட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. சுரங்கம் கட்டுபடியாகுமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வும் வெளியிடவில்லை, அப்படியிருக்க ஆலையைப் பற்றி எந்தத் தைரியத்தில் பேசுகிறார்கள்?

பாதிப் பங்கை விற்றுவிட்டேன். மீதியை வைத்துக்கொண்டு, விடுபட்ட மூன்று துளைகளின் முடிவைக் கேட்டுப் பொதுக்குழுவுக்கு எழுத்துமூலம் கேள்வி அனுப்பியிருக்கிறேன். உங்கள் கம்பெனியும் இப்படித் தேதியைத் தள்ளிக்கொண்டே போனால், கடைசி நான்கு காலாண்டின் கணக்கையும் அதே காலத்து அறிவிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, அதற்கப்புறம் அடுத்த பங்கை வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.