பெரிய இன்ஜின் போட்டுத் தருகிறேன் என்று 6,500 டாலரைச் சுருட்டிவிட்டார்கள்: பழைய கார் வைத்திருப்பவர்களே, உஷார்!

நேற்று சாயங்காலம்தான் இன்ஜின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றிப் பார்த்தோம். அந்த ஆத்திரத்திலேயே எழுதுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டுமே வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறை என்னிடம் 6,500 டாலரைச் சுருட்டிவிட்டது. விவகாரம் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை.

வண்டி 1972 டாட்சன் 240இசட். அதோடு வந்த எல்24 இன்ஜின், 2393 சிசி, ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது. அதையே பிரித்துச் சரிசெய்து தரச் சொல்லித்தான் விட்டேன். பிரித்து அளந்து ஒரு சீட்டு கொடுத்தார்கள். சிலிண்டர்களின் அதிகபட்சத் தேய்மானம் 0.2 மி.மீ. என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. 83 மி.மீ. போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) 83.5க்குக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் முடிகிற வேலை அது.

ஆனால் பட்டறை முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இதில் போய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள், 280இசட்டில் வந்த எல்28 ஒன்றை முழுசாக வேலை பார்த்து வைத்திருக்கிறேன், 2753 சிசி, உங்கள் மவுண்டிலேயே உட்காரும், கியர்பாக்ஸைக்கூட மாற்ற வேண்டாம்" என்றார். அது உண்மைதான். இரண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின், அதனால்தான் 240, 260, 280 என்று வந்த இந்த இசட் கார்களை வைத்திருக்கும் எத்தனையோ பேர் இந்த மாற்றத்தைச் செய்கிறார்கள். ஸ்டாண்டில் மாட்டியிருந்த இன்ஜினை உருட்டிக்கொண்டு வந்து, வால்வ் கவரைத் திறந்து, ஆயில் பூசிப் பளபளத்த கேம்ஷாஃப்டைக் காட்டினார். "என் சொந்த வண்டிக்கு வைத்திருந்தது, உங்கள் காரைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை" என்று கையைப் பிடித்துச் சொன்னார். பழைய இன்ஜினைப் பெட்டியில் போட்டுத் தருவதாகவும் சொன்னார். அந்த வார்த்தையை நம்பி 6,500 டாலரையும் மொத்தமாகக் கட்டினேன்.

வண்டி வந்த முதல் வாரமே ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நீலப் புகை. போன் போட்டால், "பிஸ்டன் ரிங் செட் ஆகணும் சார், 500 மைல் ஓட்டுங்க." ஓட்டினேன். அப்புறம் ஆயில் பிராண்டைக் குறை சொன்னார்கள். அப்புறம் கார்புரேட்டர் ட்யூனிங். ஆயில் எரிந்து வருகிற நீலப் புகைக்கும் கார்புரேட்டருக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் முதலாளி ஊரில் இல்லை, மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்குக் கூப்பிடுவார். எந்த நாளையும் வரவில்லை.

வேறொரு மெக்கானிக் ஹெட்டைத் திறந்தார். சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தட்டுப்படும் அளவுக்குத் தேய்மானப் படி, சிலிண்டர் சுவரைத் தீட்டும் ஹோனிங் வேலையில் விழுகிற குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லை. அளந்தால் போர் 83 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 79. எல்28 என்றால் போர் 86 இருக்க வேண்டும். இது 260இசட்டின் எல்26, வெறும் 2565 சிசி! இன்ஜின் நம்பர் அடித்திருக்கும் இடத்தில் கனமாகப் பெயிண்ட். சுரண்டினால் அரம் போட்டுத் தேய்த்த தடம்.

பெரிய இன்ஜினும் இல்லை, ரிப்பேர் செய்த இன்ஜினும் இல்லை, 6,500 டாலரும் இல்லை. இதைவிட வயிறு எரிவது, என் எல்24 எங்கே என்று கேட்டதற்கு "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சே" என்று ரிசப்ஷனில் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னதுதான். இந்தக் காரின் இன்ஜின் பேயில் ஒரு தகடு உண்டு, இன்ஜின் நம்பர் அதில் பொறித்திருக்கும். அந்த நம்பருள்ள இன்ஜின் இனி எனக்குக் கிடைக்காது. எத்தனை குதிரைத்திறன் கூடினாலும் அதற்கு ஈடாகாது. என்னைக் கேட்டால், கடைந்து சரிசெய்ய முடிகிற வரைக்கும் ஒரிஜினலை விடவே கூடாது.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. இவ்வளவுதான்: மாற்று இன்ஜினின் நம்பரை உங்கள் கண்ணால் பாருங்கள், ஸ்பார்க் பிளக் பக்கம், பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்பகுதியின்) பின்கோடியில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும். பெயிண்ட் மூடியிருந்தால் அங்கேயே சுரண்டச் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் எதிரிலேயே கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்ற சோதனை. பழைய இன்ஜினை அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள். இதே மாதிரி "என் சொந்த வண்டிக்கு வைத்திருந்தது" என்ற பேச்சைக் கேட்டவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.