ஊட்டிக் குளிரில் டீஹியூமிடிஃபையர்: மூன்றாம் ஆண்டு அனுபவம்

அறைக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தொட்டியில் நீராகச் சேர்க்கும் கருவியான டீஹியூமிடிஃபையர் எங்கள் ஊட்டி வீட்டில் ஓடத் தொடங்கி இது மூன்றாவது குளிர்காலம். அதன் விலை இப்போது இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, கோத்தகிரியில் வீடு கட்டி முடித்திருக்கும் நண்பர் வாங்கலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அதற்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் பீரோவின் பின்பக்கச் சுவரில் கரும்பூசணம் படர்வதும், மார்கழியில் எடுத்து அணியும் கம்பளிச் சட்டையில் மக்கல் வாடை வீசுவதும் இங்கே வீட்டுக்கு வீடு உள்ளவைதாம். கருவி வந்த பிறகு பட்டுப்புடவை மடிப்புகளில் வெண்புள்ளிகள் தோன்றவில்லை. மூன்று நாளாகியும் காயாத ஜீன்ஸ், கதவைச் சாத்திய அறையில் ஒரே இரவில் காய்கிறது. நீராவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளேயே தங்குவதால், விடிகாலையில் அந்த அறைத் தரை மட்டும் காலைக் கடிப்பதில்லை.

ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘நாளொன்றுக்கு 12 லிட்டர்’ என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அது 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சோதனை அறையின் கணக்கு. அந்த வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியிலோ 9 கிராம் சொச்சம்தான். போதாக்குறைக்கு, நம் குளிரில், காற்றின் ஈரத்தை நீராகப் படியவைக்கும் உள்ளிருக்கும் குளிர்ச்சுருள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய் வெண்பனி கட்டிக்கொள்கிறது. உடனே கம்ப்ரஸர் நின்று, அந்தப் பனி உருகும்வரை விசிறி மட்டும் வெறுமனே சுற்றுகிறது. தை மாத இரவொன்றில் விழித்திருந்து கணக்கெடுத்தேன்: நாற்பது நிமிட ஓட்டம், பதினைந்து நிமிட ஓய்வு, விடியும்போது தொட்டியில் முக்கால் லிட்டர்.

பழுதாகத்தான் இருக்கும் என்று எண்ணி, கம்ப்ரஸர் உள்ள கருவியைப் படுக்க வைக்கக் கூடாது என்பதால் காரின் பின்னிருக்கையில் நிமிர்த்தி சீட் பெல்ட் மாட்டி, சென்ற டிசம்பரில் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே பனியின் சுவடே இல்லாமல், மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போல அத்தனை ஒழுங்காக ஓடிக் காட்டியது. “நல்லாத்தானே சார் ஓடுது” என்ற பணியாளர், பரிசோதனைக் கட்டணத்துக்கு ரசீது கிழித்தார். கையேட்டிலும் ‘5 டிகிரி முதல் இயங்கும்’ என்றுதான் இருக்கிறது. இயங்கத்தான் செய்கிறது, பொய்யில்லை.

ஆகவே நண்பர் இதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். சுருளுக்குப் பதில் ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த வகை, மின்சாரத்தைக் கூடுதலாகத் தின்றாலும், குளிரில் பனி கட்டாது, அதைத் தேடட்டும். இவ்வளவு திட்டுகிறீர்களே, நம்முடையதை விற்றுவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். மழை இன்னும் விடவில்லை, பீரோ அறையை விட்டு அதை யாரும் நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.