ஆள் இல்லாத மைதானம், ஒரே ஒரு கேமரா: ஸ்காட்லாந்து கிளப்புகளின் நேரலை சீசன் டிக்கெட் பற்றி

கொரோனா கட்டுப்பாடுகளால், ஸ்காட்லாந்தில் 2020-21 சீசனுக்கு டிக்கெட் எடுத்த கால்பந்து ரசிகர்களுக்கு மைதானத்தில் இருக்கை கிடைக்கவில்லை. ஒரு கணக்கும் கடவுச்சொல்லும்தான் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு கிளப்பின் சொந்தச் சேனலில் சொந்த மைதான ஆட்டங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வெறும் ஒளிபரப்பு என்று பார்த்தால் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தரலாம். கிளப்பின் கதவு மூடாமல் காத்த வழி என்று பார்த்தால் தயங்காமல் நான்கு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் ஒரே விலையில் கட்டி விற்றார்களே, அதுதான் தவறு. அந்த ஆண்டு ரசிகர்களுக்கும் நிர்வாகங்களுக்கும் இடையே வந்த மனக்கசப்பில் பாதிக்கு அதுவே காரணம்.

பணம் கேட்ட நேரத்தையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச் 13 அன்று ஆட்டங்கள் நின்றன. ஐரோப்பாவிலேயே வாசல் வசூலை மிக அதிகமாக நம்பிப் பிழைப்பவை ஸ்காட்லாந்து கிளப்புகள். தொலைக்காட்சிப் பணம் அங்கே இங்கிலாந்து அளவுக்குக் கிடையாது. ஐந்தே நாளில், மார்ச் 18 அன்று, ஹார்ட்ஸ் கிளப் தன் முழுநேர ஊழியர்களையும் ஆட்டக்காரர்களையும் பாதிச் சம்பளம் வாங்கிக்கொள்ளச் சொன்னது. மே 18 அன்று உச்சப் பிரிவான பிரீமியர்ஷிப்பின் சீசன் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆடிய ஆட்டங்களின் சராசரிப் புள்ளிக் கணக்கில் செல்டிக் சாம்பியன். ஹார்ட்ஸ் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அதற்கு முன்பே ஏப்ரலில், இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் இருந்த பார்ட்டிக் திசில் கிளப்புக்கும் இதே கதி. அவர்கள் மேலே இருந்த குயின் ஆஃப் தி சவுத் கிளப்பைவிட இரண்டே புள்ளி பின்னால் இருந்தார்கள், கையில் ஒரு ஆட்டம் கூடுதலாக மீதம் இருந்தது. இரண்டு கிளப்புகளும் நீதிமன்றம் போயின. அங்கிருந்து சமரசத் தீர்ப்புக் குழுவுக்கு அனுப்பப்பட்ட வழக்கு ஜூலை கடைசியில் தோற்றது. இந்தக் காயம் ஆறாத கோடையில்தான் அடுத்த சீசன் டிக்கெட்டுக்கான அழைப்பு வந்தது.

விலைக் கணக்குக்கு வருவோம். பிரீமியர்ஷிப்பில் ஒரு கிளப் மொத்தம் 38 ஆட்டம் ஆடும். சொந்த மைதானத்தில் ஏறக்குறைய 19 வரும். தனி ஆட்டமாக வாங்கினால் அந்த சீசனில் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 15 பவுண்டு. ஒரு பேச்சுக்கு 12 பவுண்டு என்று வைத்தால், 19 ஆட்டத்துக்கு 228. பெரியவர் ஒருவரின் சீசன் டிக்கெட் 350 பவுண்டு என்றால் மிச்சம் 122 பவுண்டு. அந்த 122 எதற்கு? படத்துக்கு அல்ல, கிளப்புக்கு நாம் கொடுக்கும் நன்கொடை. கொடுக்கக் கூடாது என்பதில்லை, பல்லாயிரம் பேர் மனமுவந்து கொடுத்தார்கள். ஆனால் ரசீதில் அது நன்கொடை என்று இருந்திருக்க வேண்டும். "மதிப்பு மிக்க நேரலை அனுபவம்" என்ற விளம்பரத்துக்குள் அதை மறைத்திருக்கத் தேவையில்லை.

நாலு பேர் உள்ள குடும்பத்தின் கணக்கு இன்னும் தெளிவு. வீட்டில் ஒரே திரை, ஆகவே ஒரு டிக்கெட் போதும். மீதி மூன்றும் முழுக்க நன்கொடை. இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில், தனியாக வாழும் ஓய்வூதியர். மைதான வாசலில் அவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. நேரலையைத் தனி ஆட்டமாக வாங்கும்போது பெரும்பாலும் ஒரே விலைதான். கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து பார்க்கும் வீடும் அவரும் ஒரே தொகை கட்டினார்கள். வெளியூர் ஆட்டமோ சீசன் டிக்கெட்டில் சேரவே சேராது. அதற்கு எதிரணி கிளப்பின் தளத்தில் இன்னொரு கணக்கு, இன்னொரு கட்டணம்.

இனி படம். ஸ்கை தொலைக்காட்சி காட்டிய ஆட்டங்களோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை, அங்கே கேமராக்கள் வரிசையாக நிற்கும். கிளப் நேரலையில் பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு நேரே மேடையில் ஒரே கேமரா. வசதியுள்ள கிளப்பில் கோல் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு. ஒற்றைக் கேமராவின் முதல் பலவீனம் ஆஃப்சைடு: பந்து கிளம்பும் நொடியில் படம் பந்தின் மேல் இருக்கும், கடைசித் தடுப்பாட்டக்காரர் படத்துக்கு வெளியே. மறுஒளிபரப்பு வந்தாலும் அதே கோணம்தான். இரண்டாவது வெளிச்சம். டிசம்பரில் வட ஸ்காட்லாந்தில் மாலை மூன்றரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மூன்று மணி ஆட்டத்தின் முதல் பாதியில் தாழ்ந்த வெயில் லென்ஸுக்குள் அடிக்கும், இரண்டாம் பாதி முழுக்க விளக்கொளி. இடைவேளையில் நிறச் சமநிலையை மாற்றத் தெரிந்த ஆள் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறாரா என்பது 46-ஆம் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். புல் நீலமாகத் தெரிந்தால் இல்லை என்று பொருள்.

ஆளே இல்லாத கேமராவும் வந்தது. இன்வர்னஸ் கலிடோனியன் திசில் கிளப் அந்த ஆண்டு தானியங்கி முறைக்கு மாறியது. பல லென்ஸ்கள் மைதானம் முழுவதையும் ஒரே அகலப் படமாக எடுக்கும். பந்து எங்கே என்று மென்பொருள் கணித்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பும். 2020 அக்டோபர் 24 அன்று ஏர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அந்த மென்பொருள் எல்லைக்கோட்டில் நிற்கும் உதவி நடுவரான லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எடுத்துக்கொண்டது. ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, படம் எல்லைக்கோட்டின் ஓரமாக அந்த அதிகாரியோடு நகர்ந்து நகர்ந்து போனது. வர்ணனையாளர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. உலகம் முழுக்கச் சிரித்தார்கள், ஆனால் அதற்குக் காசு கட்டியவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பந்து எல்லைக்கோட்டை ஒட்டி இருக்கும்போது, பின்னணி வெளிறி இருக்கும்போது, வட்டமாகப் பளபளக்கும் எதுவும் மென்பொருளுக்குப் பந்துதான். கோட்டுக்கு வெளியே கிடக்கும் உபரிப் பந்தும் இதே குழப்பத்தை உண்டாக்கும். ஆகவே எல்லைக்கு வெளியே உள்ள பகுதியைக் கணிப்பிலிருந்து விலக்கி, ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தவறினால் கையால் திருப்ப ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கட்டணம் வாங்குவது சரியல்ல. இன்னொரு குறையும் உண்டு: அகலப் படத்திலிருந்து வெட்டி எடுப்பதால் தூரத்து மூலையில் நடப்பது மங்கலாகத்தான் வரும், சட்டை எண் படிக்க முடியாது.

ஒலி மட்டும் எதிர்பாராத நல்ல விஷயம். பல கிளப்புகளில் வர்ணனை செய்தது உள்ளூர்த் தன்னார்வலர்கள், மருத்துவமனை வானொலியில் பழகியவர்கள். மாற்று ஆட்டக்காரர் எந்த இளைஞர் அணியிலிருந்து வந்தார் என்பதுவரை இவர்களுக்குத் தெரியும். கூட்டம் இல்லாததால் பயிற்சியாளர் போடும் சத்தம் அப்படியே கேட்டது. "பின்னால் ஆள்!" என்று கோல்கீப்பர் எத்தனை முறை கத்துகிறார், எந்தத் தடுப்பாட்டக்காரர் வாயே திறப்பதில்லை என்பதெல்லாம் மைதானத்து இருக்கையில் உட்கார்ந்தால்கூடத் தெரியாத தகவல். கெட்ட வார்த்தைகளும் வந்தன, குழந்தைகள் உள்ள வீடுகளில் கொஞ்சம் கஷ்டம். செயற்கைக் கூட்டச் சத்தம் சேர்த்த ஒளிபரப்புகளைவிட இது எவ்வளவோ மேல்.

சேவை எங்கே உடைந்தது என்றால், பெரும்பாலும் வாசலில். ஆயிரக்கணக்கானோர் 2.55 மணிக்கு ஒரே நேரத்தில் உள்ளே நுழைய முயல்வார்கள். படத்தை அனுப்பும் சர்வர் தாங்கும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சர்வர்தான் முதலில் படுக்கும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, முதல் கோல் போய்விடும். இதற்கு வழி உண்டு. இரண்டேகால் மணிக்குள் உள்ளே போய்விட்டு, அந்தப் பக்கத்தை மூடாமல் வைக்க வேண்டும். தனி ஆட்டம் வாங்குபவர்கள் காலையிலேயே வாங்கிவிடுவது நல்லது, வங்கியின் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி கடைசி நிமிடத்தில் தாமதித்தால் கிளப்பால் ஒன்றும் செய்ய முடியாது. சீசன் டிக்கெட் இருந்தும் "அனுமதி இல்லை" என்று வந்தால், டிக்கெட் அலுவலகத்தில் பதிந்த மின்னஞ்சலும் சேனல் கணக்கின் மின்னஞ்சலும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் குடும்பத்துக்கே சேர்த்து டிக்கெட் வாங்கிய வீடுகளில் இந்தச் சிக்கல் அதிகம். சமூக ஊடகச் செயலிக்குள்ளேயே இணைப்பைத் திறந்தால் கணக்கு நிற்காது, தனி உலாவியில் திறக்க வேண்டும். ஒரே கணக்கைக் கைபேசியிலும் மடிக்கணினியிலும் திறந்தால் முதலில் திறந்தது வெளியே தள்ளப்படும். டிவியில் பார்க்க வயர்லெஸ் முறையை நம்புவதைவிட மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் போடுவது உறுதி. வீட்டு இணையம் 5 எம்பிபிஎஸ் வேகத்தில் நிலையாக வந்தால் போதும். அதற்கு மேலும் படம் திக்கினால் கோளாறு அநேகமாக மைதானத்திலிருந்து மேலே அனுப்பும் இணைப்பில்தான், வீட்டு ரௌட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை.

தாமதமும் உண்டு. நேரலை அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை பின்னால் ஓடும். கைபேசியில் கோல் அறிவிப்பு முந்திக்கொண்டு வரும், ஆகவே மூன்று மணிக்கு முன்பே அறிவிப்புகளை அணைத்துவிட வேண்டும்.

கீழ்ப்பிரிவுகளில் சேவையின் தரத்தைவிட ஆட்ட எண்ணிக்கைதான் பிரச்சினை. சாம்பியன்ஷிப் அக்டோபர் நடுவில்தான் தொடங்கியது. வழக்கமான 36-க்குப் பதில் 27 ஆட்டம். சொந்த மைதானத்தில் 18 வர வேண்டிய இடத்தில் 13 அல்லது 14. அதற்கும் கீழே உள்ள பிரிவுகளான லீக் ஒன்றும் லீக் இரண்டும் 2021 ஜனவரி 11 அன்று நிறுத்தப்பட்டு, மார்ச்சில்தான் திரும்பின. கடைசியில் 22 ஆட்டமே. புள்ளிக் கணக்கில் கீழே தள்ளப்பட்ட பார்ட்டிக் திசிலின் ரசிகர்கள், அந்தச் சுருங்கிய லீக் ஒன்றுக்கும் பணம் கட்டினார்கள். அணி அதை வென்று மேலே ஏறியது, அவர்கள் திரையில்தான் பார்த்தார்கள். செயின்ட் ஜான்ஸ்டன் ரசிகர்களை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. 2021 பிப்ரவரியில் லீக் கோப்பை, மே மாதம் ஸ்காட்டிஷ் கோப்பை என்று ஒரே சீசனில் இரண்டு. இரண்டு இறுதி ஆட்டத்திலும் ஹாம்ப்டன் மைதானம் காலி.

வருமானத்தைச் சரியாகக் கேட்ட முன்மாதிரியும் கண்முன்னேயே இருந்தது. ஹார்ட்ஸ் ரசிகர்களின் அமைப்பு மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகையைப் பிடிக்கும். அது நன்கொடை என்று எல்லோருக்கும் தெரியும், எதற்காக என்றும் தெரியும். கிளப் கீழே போன ஆண்டிலும் ஆயிரக்கணக்கானோர் அதை நிறுத்தவில்லை, 2021 ஆகஸ்டில் பெரும்பான்மைப் பங்கு அந்த அமைப்பின் கைக்கு வந்தது. வெளியிலிருந்து வந்த உதவியும் வெளிப்படையாகவே வந்தது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கொடையாளரின் பணத்திலிருந்து ஒவ்வொரு கிளப்புக்கும் 50,000 பவுண்டு பெறும் வாய்ப்பு கிடைத்தது. 2020 டிசம்பரில் ஸ்காட்லாந்து அரசு கால்பந்துக்கு 3 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதில் 2 கோடி பிரீமியர்ஷிப்புக்குக் கடன், மீதி கீழ்நிலைக் கிளப்புகளுக்கும் பெண்கள் ஆட்டத்துக்கும் மானியம். அரசே கடன் எது மானியம் எது என்று பிரித்து எழுதியபோது, கிளப் மட்டும் டிக்கெட் எது நன்கொடை எது என்று எழுத மறுத்தது ஏன்?

2021 ஆகஸ்டில் கட்டுப்பாடுகள் தளர்ந்து கூட்டம் திரும்பியது. கூடவே, சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களைப் பிரிட்டனுக்குள் நேரலையில் காட்டக் கூடாது என்ற பழைய தடையும் திரும்பியது. வெளிநாட்டுச் சந்தா தொடர்ந்தது. இழந்தவர்கள் யார் என்றால் படியேற முடியாத முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், வீட்டில் ஒருவரைப் பராமரிப்பதால் வெளியே போக முடியாதவர்கள். இருண்ட அந்த ஆண்டில் மற்ற எல்லோரோடும் சமமாக ஆட்டம் பார்த்தவர்கள் இவர்கள், ஒரே மாதத்தில் மீண்டும் வானொலிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மருத்துவச் சான்று காட்டுவோருக்கு மட்டுமாவது நேரலை சீசன் டிக்கெட்டை லீக் அனுமதிக்க வேண்டும். கணக்கு முறை, கேமரா, வர்ணனையாளர் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிளப்புகள் ஒன்றாகக் கேட்டால் நடக்கக் கூடியதுதான்.